திரும்பும் வழிக்குக் கரி

மாட்டுங்கா வீட்டு மேஜைமேல் அனந்தகிருஷ்ணன் ஒரு வாரமாக விரித்து வைத்திருந்த காகிதத்தில் அறுநூற்று நாற்பது மைல் அடங்கியிருந்தது. நாசிக், துலியா, அகோலா, நாக்பூர், அப்புறம் காடு. காட்டுக்குள் மாங்கனீஸ் வெட்டும் ஒரு சிற்றூர். அங்கே சுரங்க ஆபீஸில் மாப்பிள்ளைக்கு வேலை. மகள் ஷ்யாமளாவுக்கு இது எட்டாம் மாதம். ஊரில் டாக்டர் கிடையாது, ஒரு கம்பவுண்டர்தான். கால் வீங்கியிருக்கிறது, தலைவலி விடுவதில்லை என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார்.

ரயிலில் சிப்பாய்கள் போக மிச்ச இடம்தான் மற்றவர்களுக்கு. அதில் இடம் கிடைத்தாலும், ஊருக்கும் ரயிலடிக்கும் நடுவே நாற்பத்தெட்டு மைல் மாட்டு வண்டி. எட்டு மாதக்காரியை அதில் குலுக்கிக்கொண்டு வர முடியாது. காரில் போகலாமென்றால் யுத்தம் பெட்ரோலைக் கூப்பனுக்குள் அடைத்துவிட்டது. அதனால்தான் கரி.

ஆபீஸ் சிநேகிதர் வேங்கடசுப்ரமணியன் இரவல் தந்த பழைய ஷெவர்லேயின் பின்புறம், தாராவியில் பட்டறை வைத்திருந்த பிரம்மநாயகம் ஒரு கரித்தொட்டியைப் பொருத்தியிருந்தார்; வண்டியை ஓட்டப்போவதும் அவர்தான். சூட்சுமம் எளிதுதான். தொட்டியில் கரியை நிரப்பி, அடியில் பற்றவைத்து, காற்றைக் கொஞ்சமாக மட்டும் விடவேண்டும். போதிய காற்று கிடைக்காத கரி முழுதாக எரியாமல், எரியக்கூடிய ஒரு வாயுவைக் கக்கும். அதை ஆறவைத்து, தேங்காய்நாரில் வடிகட்டி எஞ்சினுக்குள் இழுத்தால் பெட்ரோல் செய்கிற வேலையை அது செய்யும். பலம் மட்டும் கொஞ்சம் குறைச்சல். ஒரு தொட்டிக் கரிக்கு நாற்பது மைல். நாசிக்குக்கு முன்னால் வரும் கசாரா மலையேற்றத்துக்கு மட்டும் கூப்பன் பெட்ரோல். கரி நனைந்தால் எல்லாம் போச்சு. கடைசியில் பாலமில்லாத இரண்டு ஆறுகள். மழை இறங்கும்வரைதான் மணலில் வண்டி ஓட்ட முடியும். இன்று மே இருபத்தெட்டு. நாளை விடியலில் கிளம்பினால் மழைக்கு முன் போய்த் திரும்பிவிடலாம் என்று காகிதம் சொன்னது.

இன்று காலையிலேயே பிரம்மநாயகம் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அனந்தகிருஷ்ணனின் மனைவி பாகீரதி சுருட்டிய மெத்தையோடு இறங்கி வந்து, கரி மூட்டைகள் அடுக்கியிருந்த பின்சீட்டை எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, திரும்பறச்சே இந்த மூட்டையெல்லாம் மேலே கட்டிண்டுடலாமோன்னோ? இங்கே மெத்தையைப் போட்டா அவள் படுத்துண்டே வந்துடுவாள்."

வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த பிரம்மநாயகத்தின் கை நின்றது. "யாரும்மா படுத்துட்டு வாரது?"

அவர் அனந்தகிருஷ்ணன் பக்கம் திரும்பினார்.

"சாமி, மாப்பிள்ளைக்கு மாத்தல், சாமான் ஏத்திட்டு வரணும்னுல்லா சொன்னீரு?"

அப்படித்தான் சொல்லியிருந்தார். பிள்ளைத்தாச்சி விஷயத்தை வெளி மனுஷாளிடம் மூச்சு விடக்கூடாது, கண் படும் என்று பாகீரதி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவரும் தலையாட்டிவிட்டு, மகளைச் சாமான் ஆக்கிவிட்டார்.

"பொண்ணுதான்," என்றார் அனந்தகிருஷ்ணன், வண்டியைப் பார்த்தபடி. "எட்டு மாசம்."

பிரம்மநாயகம் காரின் பக்கப்படியில் உட்கார்ந்துவிட்டார். "சாமானுக்கு மூச்சு வேண்டாம்னுதான் தொட்டியைப் பின்சீட்டுக்கு ஒட்டி வச்சேன். இந்த வாயு எந்த மூட்டுலயாவது துளி கசியத்தான் செய்யும். மணம் கிடையாது, நிறம் கிடையாது. போன மாசம் வடாலாவுல ஒரு லாரியில கிளீனர் பய பின்னால தூங்கினான். எழும்பவேயில்லை."

"ஜன்னலைத் திறந்து வச்சுண்டா? முன்சீட்டில உக்காத்தி வச்சா?" என்று கேட்டார் அனந்தகிருஷ்ணன்.

"பெரிய உசிருக்குத் தலைவலியோட போவும். உள்ள இருக்க சின்ன உசிருக்கு? நாலு நாள் சாமி! நான் ஏத்த மாட்டேன்."

"வேற மாதிரி பண்ண முடியாதா ஓய்?"

"முடியும். தொட்டியைத் தனிச் சக்கரத்துல வச்சுப் பின்னால இழுத்துட்டுப் போலாம். தகடு கிடைக்கவே பத்து நாள் ஆவும். மொதல்லயே சொல்லியிருந்தா அப்படித்தான் அடிச்சிருப்பேன்."

பத்து நாளில் மழை இறங்கி ஆற்றில் வெள்ளம் வந்துவிடும். அனந்தகிருஷ்ணன் காகிதத்தை எடுத்து மைல்களை மறுபடி கூட்டினார். மூன்று தடவை கூட்டினார். கூப்பன் பெட்ரோல் முழுவதையும் திரும்பும் வழிக்கு வைத்தாலும் நாக்பூர்கூட எட்டாது.

பாகீரதி மெத்தையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தலைப்பிரசவத்துக்கு அவள்தான் அம்மாகிட்டே வரணும்னு இருக்கா என்ன? நான் போறேன். நீங்கள் என்னை விட்டுட்டு வந்துடுங்கோ."

"டாக்டர் இல்லாத ஊர்டி!"

"அதான் நான் போகணும்."

அவள் பிரம்மநாயகத்தின் பக்கம் திரும்பினாள். இத்தனை நாள் அக்கம்பக்கத்தில் யாரிடமும் சொல்லாததை, நடுத்தெருவில் நின்று சத்தமாகவே சொன்னாள். "தலைப்பிரசவம். கணக்குக்கு இன்னும் நாப்பது நாள் இருக்கு. கால் முழங்கால் வரைக்கும் வீங்கியிருக்கு. கண்ணு மங்கறதாம். மூணு நாளாக் கடுதாசி இல்லை. இன்னும் என்ன தெரியணும் உங்களுக்கு, கேளுங்கோ."

பிரம்மநாயகம் எழுந்து, பின்பக்கம் போய்த் தொட்டியின் மூடியைத் திறந்தார்.

"ஒண்ணும் வேண்டாம்மா. முன்சீட்டுல கதவோரமா உக்காருங்க, கண்ணாடியை ஏத்தாதீங்க. எதுக்கு நாளைக்கு? தீயை இப்பமே போடுதேன். சாமி, தீப்பெட்டி இருக்கா?"

அனந்தகிருஷ்ணன் வீட்டுக்குள் ஓடினார். மேற்கே கடலுக்குமேல் மேகம் இருக்கிறதா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் ஓடினார்.