பதினான்காம் விதி

அத்தான் என் பெயரை நாற்பத்தொரு இடங்களில் எடுத்துவிட்டிருந்தார். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். லிப்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவர். நான் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவள். லிப்ட் எங்கே நிற்க வேண்டும், கதவு எப்போது திறக்க வேண்டும் என்பதையெல்லாம் மெக்கானிக்குகளே எழுதிக்கொள்ளும்படி ஒரு சின்னக் கணினி மொழி வேண்டும் என்று முதலாளி கேட்டார். மூன்று வருடம் மல்லுக்கட்டி அதைச் செய்தேன். அத்தானின் பங்கு, மாதம் ஒரு தடவை என் மேஜைப் பக்கம் வந்து எப்படிப் போகிறது என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனது.

புது மொழி என்றதும் மிரள வேண்டாம். அது நாற்பத்தொரு முடிவுகள், அவ்வளவுதான். எழுதுகிறவர் எதையாவது சொல்ல மறந்தால் மொழி தானாக ஊகித்துக்கொள்ளலாமா? கூடாது, கேட்க வேண்டும். ஒரே வேலையை ஐந்து விதமாக எழுத விடலாமா? கூடாது, அடுத்தவன் படிக்கும்போது தலை சுற்றும். இப்படி ஒரு முடிவுக்கு ஒரு பக்கம். பக்கத்தில் விதி, அதற்குக் காரணம், கடைசியில் ‘முடிவு செய்தவர்’ என்று ஒரு வரி.

இரண்டு விதிகளில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. முதலாவது விதி: இந்தப் பக்கங்கள் அடங்கிய ஆவணம் அச்சுக்குப் போன பிறகு எதையும் அழிக்கக் கூடாது. தப்பென்றால் குறுக்கே கோடு போட்டுவிட்டு, கீழே புதியதை எழுத வேண்டும். நாற்பதாவது விதி: மொழி தானாக ஒரு முடிவெடுத்தால், எந்த விதிப்படி எடுத்தது, அந்த விதியைச் செய்தது யார் என்று திரையில் காட்ட வேண்டும். லிப்ட் ஏறுமாறாக நடந்தால், யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ஒரு மெக்கானிக் முழிக்கக் கூடாது.

பதினான்காவது விதி பிறந்தது அக்கா வீட்டுச் சமையலறையில். ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கட்டளைகள் மோதினால் எதை எடுத்துக்கொள்வது என்று நான் வாய்விட்டு யோசித்தேன். எங்கள் வீட்டில் கடைசியாகப் பேசுகிறவர் பேச்சுதான் எடுபடும், அதனால்தான் நான் எப்போதும் கடைசியாகப் பேசுகிறேன் என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டே அப்படியே எழுதிவிட்டேன்: பின்னால் எழுதிய கட்டளை செல்லும். எனக்கும் வேலை மிச்சம்.

அது தப்பு. மோதல் வந்தால் மொழி பேசாமல் ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளக் கூடாது. ஓட மறுத்து, எழுதியவரைக் கேட்க வேண்டும். வாங்க வருகிறவர்களுக்கு லிப்டை ஓட்டிக் காட்ட இரண்டு வாரம் இருக்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. தலைமை மெக்கானிக் எழுதியிருந்ததில், தீ மணி அடித்தால் கீழே வந்து கதவைத் திற என்று மேலே இருந்தது. முக்கிய விருந்தாளியின் சாவியைத் திருப்பினால் எங்கும் நிற்காமல் உச்சிக்குப் போ என்று அத்தான் பிறகு அடியில் சேர்க்கச் சொல்லியிருந்தார். தனித்தனியாக இரண்டும் சரி. சேர்ந்தால் வினை.

திருத்தத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, அச்சுக்குப் போகவிருந்த ஆவணத்தைத் திறந்தேன். நாற்பத்தொரு பக்கத்திலும் முடிவு செய்தவர் அத்தான். முழுப் பெயர், முன்னால் பட்டம் வேறு.

அவர் அறைக்குப் போனேன். நாற்காலியை விட்டு அவர் அசையவில்லை. குடும்பத்துக்குள் உன்னுது என்னுது என்று பார்ப்பார்களா என்று கேட்டார்.

“உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியும்ல, அது போதாதா? வெளியில போறப்ப ஒரு பெரிய பேரு இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்” என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். “அது என்ன பேப்பர்?”

“ஒண்ணுமில்ல அத்தான். பழசு.”

இடத்துக்குத் திரும்பி அதை நாலாகக் கிழித்துப் போட்டேன். மூன்று வருட உழைப்பை ஒரு மனிதர் சட்டை மாட்டுகிற மாதிரி எடுத்து மாட்டிக்கொண்டார். லிப்டை ஓட்டிக் காட்டப்போகும் சோதனைக் கோபுரம் ஐந்தே மாடி, நிஜ நெருப்பு கிடையாது, யாருக்கும் அடிபடாது. வெளியே எந்தக் கட்டடத்துக்கும் போவதற்குள் திருத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நல்லவள் பட்டம் கேட்டு இதைச் சொல்லவில்லை. அவர் எல்லோர் முன்னாலும் விழ வேண்டும், நான் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஓட்டிக் காட்டும் நாள் காலையில் அத்தான் புதுக் கோட்டில் வந்தார். வாங்க வந்த ஐந்து பேரையும் லிப்டில் ஏற்றி, தானும் ஏறி, விருந்தாளிச் சாவியை அவரே திருப்பினார். இரண்டாவது மாடி தாண்டியதும் தீ மணியை அடிக்கச் சொல்லி உள்ளிருந்தே போனில் உத்தரவு. எவ்வளவு பத்திரமான லிப்ட் என்று காட்ட வேண்டுமாம். மணி அடித்தது. நாங்கள் கீழே கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். லிப்ட் நிற்காமல் உச்சி மாடிக்குப் போய்ச் சேர்ந்தது.

பெரிய திரையில் எழுத்து வந்தது. இரண்டு கட்டளைகள் மோதின. பின்னது ஏற்கப்பட்டது. விதி 14. முடிவு செய்தவர் என்று போட்டு, அத்தானின் முழுப் பெயர். பட்டத்தோடு சேர்ந்து நீளமாகிவிட்டதால் இரண்டு வரிக்கு வந்தது. முதலாளி அதைச் சத்தமாக ஒரு முறை படித்தார்.

விருந்தாளிகள் மறுபடி லிப்டில் ஏற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து மாடியும் படியில் இறங்கி, வேர்த்து விறுவிறுத்து வந்து நின்ற அத்தானிடம், இப்படி ஒரு விதியை எந்த யோசனையில் செய்தீர்கள் என்று முதலாளி கேட்டார். அவர் என் பக்கம் கை நீட்டுவார் என்று காத்திருந்தேன். நீட்டினால் மீதி நாற்பதும் யாருடையது என்று நான் சொல்லத் தயார். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“என்னோட தப்புதான் சார்” என்றார்.

வறட்டு கௌரவம் என்று நினைத்துக்கொண்டேன். பொய் சொல்வானேன், எனக்கு இனித்தது. திருத்தும் வேலையை முதலாளி என்னிடம் கொடுத்தார், திருத்துகிறவர் பெயரைப் போடச் சொன்னார். பழைய விதிக்குக் குறுக்கே கோடு போட்டேன். மோதினால் ஓடாதே, கேள் என்று கீழே எழுதி என் பெயரைப் போட்டேன். மேலே கோட்டுக்கு அடியில் அத்தான் பெயர் அப்படியே கிடக்கிறது. முதலாவது விதிப்படி அதை இனி யாரும் அழிக்க முடியாது.

மறுநாள் அக்கா போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை.

“அது அந்தப் பட்டாணி உரிச்ச அன்னைக்கு எழுதினதுதானே?”

ஆமாம் என்றேன். அவளிடம் மறைக்க மனம் வரவில்லை.

“உன் பேரு அதுல இருந்திருந்தா திருத்தியிருப்பல்ல?”

“திருத்தி எடுத்துட்டுத்தான்கா போனேன். போய்ப் பாத்தா என் பேரு இல்ல.”

அர்ச்சனைக்குத் தயாரானேன். பின்னால் ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

“இதை அவர்கிட்ட மட்டும் சொல்லிடாத. ‘அந்த விதியை நான் ஏன் அப்படி எழுதினேன்’னு நேத்துலேர்ந்து தலையில கை வச்சுட்டு உக்காந்திருக்காரு.”

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். “நெஜமாவா?”

“நெஜமாத்தான். என்னைக்கு எழுதினோம்னு இப்ப பழைய டைரியையெல்லாம் எடுத்துப் போட்டுத் தேடிட்டிருக்காரு.”

“தேடட்டும்கா” என்றேன்.