வெயில் படக் கூடாது

டாட்டூ போட்ட பெண் சொல்லி அனுப்பியது இதுதான்: வெயில் படக் கூடாது, வியர்க்கக் கூடாது, சொறியக் கூடாது, தண்ணீரில் ஊறக் கூடாது, பொருக்கு கட்டினால் பிய்க்கக் கூடாது. என் வீட்டுக்காரர் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை செய்கிற வேலையே இவைதான். தலையை ஆட்டிவிட்டு அவரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேறென்ன செய்ய.

மின்சார ஆபீசில் மீட்டர் ரீடிங் எடுத்தவர். வேலைக்காலம் முழுக்கத் தெருத்தெருவாக நடந்தவர். ஞாபகம் போய்விட்டது, கால் மட்டும் போகவில்லை. கதவு திறந்திருந்தால் கிளம்பிவிடுவார். போகத் தெரியும், திரும்பத் தெரியாது. சட்டைப்பையில் விலாசம் எழுதிய அட்டை வைத்தேன். அதைப் பஸ் பாஸ் என்று கண்டக்டரிடம் நீட்டிவிட்டு வந்தார். இருக்கும் இடத்தைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை மகன் வாங்கி அனுப்பினான். அதை யார் வீட்டு மதில்மேலோ கழற்றி வைத்துவிட்டார். நான் முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஆல்டரேஷன் செய்கிறவள். பேன்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிரித்துத் தைப்பது. அவருடைய சட்டைக் காலர் ஒன்று விடாமல் என் போன் நம்பரைத் தைத்து வைத்தேன். இந்தப் புழுக்கத்தில் சட்டை எவ்வளவு நேரம் உடம்பில் நிற்கும்? போன தடவை ஒரு பகல், ஒரு ராத்திரி ஆளைக் காணவில்லை. பஸ் டிப்போவில் வெற்றுடம்போடு, உதடு வெடித்து, பேச்சு வராமல் உட்கார்ந்திருந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர். இவரால் கழற்ற முடியாதது தோல் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அப்பா கையில் போன் நம்பரைப் பச்சை குத்தப்போகிறேன் என்றதும் மகன் போனில் குதித்தான்.

"என்னம்மா இது, மாட்டுக்குச் சூடு போடற மாதிரி."

"மாடு தொலைஞ்சா யாராவது பிடிச்சுக் கட்டிப் போடுவாங்கடா. இவரை யாரு கட்டிப் போடுவா?"

"பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"சரி, உன் நம்பரைக் குத்தச் சொல்லட்டுமா?"

"ஆபீஸ்ல கூப்பிடறாங்கம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். அவனையும் குறை சொல்ல முடியாது, பிள்ளைகுட்டிக்காரன், வெளியூர்க்காரன்.

டாட்டூ போடுகிற பெண் விவரமானவள். நான் சொன்னேன் என்பதற்காக ஊசியைக் கையில் எடுத்துவிடவில்லை. அவரிடம்தான் கேட்டாள். அன்று காலை அவருக்குத் தெளிவாக இருந்தது. "குத்தும்மா. இவ பாவம், எத்தனை தெரு ஓடுவா" என்றார். அதற்குப் பிறகு அவள் என் பக்கம் திரும்பி, "இந்த நம்பரை எப்பவும் மாத்த மாட்டீங்கல்ல, ஆன்ட்டி?" என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். கல்யாணத்தின்போதுகூட யாரும் என்னிடம் இப்படி வாக்கு வாங்கவில்லை. இடது முன்கையின் உட்பக்கத்தில் பெரிய பெரிய எண்களாக என் நம்பர் ஏறியது. ஆறும்வரை கவனம், ஓர் எண் கலைந்தாலும் போன் வேறு யார் வீட்டிலோதான் அடிக்கும் என்று சொல்லி அனுப்பினாள்.

முதலில் சொதப்பியது நான்தான். அவள் கொடுத்த களிம்பை நிறையப் போட்டால் சீக்கிரம் ஆறும் என்று அப்பி வைத்தேன். இங்கே காற்றே ஈரத் துணியைப் போல மேலே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. களிம்பும் வியர்வையும் சேர்ந்து தோல் ஊறி, எண்களைச் சுற்றிக் கொப்புளம் கிளம்பிவிட்டது. அந்தப் பெண் வந்து பார்த்து உச்சுக் கொட்டினாள். "தோல் மூச்சு விடணும், ஆன்ட்டி. தடவினதே தெரியக் கூடாது, அவ்வளவு மெல்லிசாப் போடுங்க."

அதிலிருந்து எனக்கு அந்தக் கைதான் உலகம். வெதுவெதுப்பான தண்ணீர், வாசனை இல்லாத சோப்பு, விரல் நுனியால் ஒரு கழுவல். தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் போகும்வரை பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். கரண்ட் போனால் துணிக்கடை அட்டையால் விசிற வேண்டும். விடியற்காலையில் கை படுக்கை விரிப்போடு ஒட்டியிருக்கும்; இழுத்தால் மையும் சேர்ந்து வந்துவிடும் என்று தண்ணீர் தெளித்துத் தெளித்து ஒரு மூலையிலிருந்து எடுப்பேன். மெல்லிய பருத்தித் துணியில் முழங்கைவரை தொளதொளவென்று ஒரு கையுறை தைத்து மாட்டினேன். நான் ஊசியில் நூல் கோத்து நிமிர்வதற்குள் அது தரையில் கிடக்கும்.

"இது என்ன?" என்று கையைப் பார்த்துக் கேட்பார்.

"என் நம்பர். புதுசா குத்தியிருக்கு. வெயில் படக் கூடாது. சொறியக் கூடாது."

சரி என்பார். மெஷினை இரண்டு மிதி மிதிப்பதற்குள் மறுபடியும், "இது என்ன?" பொறுமையாகச் சொன்னது உண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது உண்டு, தெரு கேட்கக் கத்தியதும் உண்டு. ஒரு தடவை எண்களை உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு, "நேத்தும் இதே ரீடிங்தான். மீட்டர் ஓடலையே, மாத்தச் சொல்லணும்" என்றார். சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்கியபோது கண்ணில் தண்ணீர் நின்றது.

கத்தினால் கோபித்துக்கொள்ள மாட்டார். அதுதான் தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் என்னை வா, போ என்பதைத் தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. இப்போது பாதி நேரம், "நீங்க கொஞ்சம் நகருங்கம்மா" என்கிறார். மரியாதை இப்படி வலிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். மனுஷன் தாராளமாக நடந்து போய்வரட்டும் என்றுதான் பச்சை குத்தினேன். அது ஆறுவதற்காக அவரை உள்ளே போட்டுப் பூட்டி வைத்தேன். வாடிக்கையாளர் வந்தால் திறப்பது, போனதும் பூட்டுவது. ஜன்னலையும் பாதி சாத்தியாயிற்று, வெயில் கையில் விழக் கூடாதே. அவரோடு சேர்த்து நானும் உள்ளே வெந்தேன். உட்கார்ந்தால் எழ மனம் வராத ஓர் அசதி எலும்புக்குள் இறங்கிவிட்டது.

அன்று மத்தியானம் ஒரு பெண்ணுக்குப் பேன்ட் அளவு குத்திக்கொண்டிருந்தேன். வாயில் குண்டூசி, கண் அவள் கணுக்காலில். அவள் உள்ளே வரும்போது கதவைச் சும்மா தள்ளிவிட்டு வந்திருக்கிறாள். நான் நிமிர்ந்தபோது அவருடைய நாற்காலியில் நான் தைத்த கையுறை மட்டும் கிடந்தது.

போனைக் கையில் பிடித்தபடி செருப்புகூடப் போடாமல் இறங்கினேன். தார் ரோடு காலைச் சுட்டது. இந்த வெயிலில் அவர் தாங்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். யாராவது பார்ப்பார்கள், படிப்பார்கள், கூப்பிடுவார்கள். போன் அடிக்கவில்லை. காலையில் கடைசி எண்ணின்மேல் பொருக்கு கட்டியிருந்ததே, பிய்த்துவிட்டாரோ? ஏழு ஒன்றாகத் தெரிந்து, யாரோ முகம் தெரியாதவர் "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டாரோ? பள்ளிக்கூடத் தெரு, மாவு மில், ரேஷன் கடை வரிசை. கேட்ட இடத்திலெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள். போன் அடித்தது. ஓடிக்கொண்டே எடுத்தேன்.

"அக்கா, போன வாரம் குடுத்த என் பேன்ட் ஆயிடுச்சா?"

வேறு ஒருத்தியாக இருந்தால் போனைத் தூக்கி எறிந்திருப்பாள். என்னால் அது முடியாது. அந்த நம்பர் அவர் கையில் இருக்கிறது.

பஸ் ஸ்டாப்பில்தான் இருந்தார். கூரை நிழலுக்குள் போகாமல் வெளியே, வெயிலில், சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றி இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை இறுக்கிச் சுற்றி, மடியில் வைத்துப் பொத்திப் பிடித்திருந்தார். தோளும் முதுகும் சிவந்து போயிருந்தன. பக்கத்தில் ஜூஸ் கடைக்காரர் தண்ணீர் பாட்டிலோடு நின்றார்.

"உங்க ஆளாம்மா? கையில ஏதோ நம்பர் தெரிஞ்சுது. காட்டுங்க, வீட்டுக்குப் போன் போடறேன்னு எவ்வளவோ கேட்டுட்டேன். அவுக்கவே விடல. தொட்டா அடிக்க வராரு. தண்ணி மட்டும் குடிச்சாரு."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் நிழல் அவர்மேல் விழுகிற மாதிரி நகர்ந்துகொண்டேன். திட்ட வேண்டும் என்று தெருத்தெருவாக வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். கேட்டது வேறு.

"கையைக் காட்டுங்க, பாக்கலாம்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். யாரென்று தெரியவில்லை. சட்டைச் சுற்றை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. இதைத் திறக்கக் கூடாது. வெயில் படக் கூடாதுன்னு வீட்ல சொல்லியிருக்கா."

"யாரு சொன்னா?"

யோசித்தார். நெற்றி சுருங்கியது. வியர்வை புருவத்தில் வழிந்து கண்ணுக்குள் இறங்கியும் துடைக்கவில்லை; துடைக்க வேண்டிய கை மற்றக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் முந்தானையால் ஒற்றினேன், தேய்க்காமல்.

"பேரு வர மாட்டேங்குது. கண்டிப்பான ஆளு. வெயில்ல காட்டினேன்னு தெரிஞ்சா திட்டுவா."

ஜூஸ் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அதை விழுங்கவும் தெம்பில்லை.

"திட்ட மாட்டா," என்றேன். "நான் சொல்லிக்கிறேன் அவகிட்ட."

"உங்களுக்கு அவளைத் தெரியுமா?"

"தெரியும். இப்ப ரொம்ப அசந்து போயிருக்கா. எழுந்திருங்க, போலாம்."