ஜெபத்துலதான் வெச்சேன்

சபையில் அவனை எல்லாரும் லிஃப்ட் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் கதவிடுக்கு வழியாகப் பேசிப் பேசியே ஆசுவாசப்படுத்திவிடுவான். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பாஸ்டர் அவனைத் தலைவர் பயிற்சி வகுப்பில் கொண்டுவந்து உட்காரவைத்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம், தொழிற்சாலைக் குடியிருப்பில், புதிதாக ஒரு சபை தொடங்கப் போகிறார்கள். வகுப்பில் தேறுகிறவர்களில் ஒருவரை அங்கே ஊழியத்துக்கு அனுப்புவார்கள். அது இவன்தான் என்று சபையே பேசிக்கொண்டது. இவனும் வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, மனசுக்குள் அந்தச் சபைக்கு நாற்காலி போட்டு, மைக்கும் கட்டி முடித்திருந்தான்.

வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு ஜெபத்துணை. வாரம் ஒருமுறை துணையோடு தனியாக உட்கார்ந்து, மனசில் கிடப்பதை மறைக்காமல் சொல்லி, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்க வேண்டும். உள்ளே அழுக்கை வைத்துக்கொண்டு ஊரைத் திருத்தப் போகக் கூடாது என்பது பாஸ்டரின் கட்சி. சொன்னது அந்த இரண்டு பேரைத் தாண்டவும் கூடாது. இவனுக்கு வாய்த்த துணை வேறு யாருமில்லை, சொந்த மச்சான்தான், பெண்டாட்டியின் அண்ணன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். வீட்டில் பேசியது போதாதென்று இங்கேயுமா என்று பாட்டுக்குழுப் பெண்கள் கேலி பண்ணுவார்கள்.

வகுப்பு முடிந்ததும் இருவரும் மச்சானின் பயிற்சிக் காரில் உட்கார்ந்து பேசுவார்கள். கற்றுக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அந்தக் கார். வண்டி நின்றுகொண்டிருந்தால்கூட மச்சானின் கால் அந்த பிரேக்கை விட்டு இறங்காது. இவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான்.

முதலில் மனசைத் திறந்தவர் மச்சான்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். வகுப்பில் எல்லாரும் தங்களுக்கு ஊழிய அழைப்பு வந்த கதையைச் சாட்சியாகச் சொன்னபோது, இவர் வண்டி தலைகுப்புறக் கவிழ்ந்ததையும், கண்ணாடிச் சில்லுக்கு நடுவே கடவுள் பேர் சொல்லிக் கூப்பிட்டதையும் சொல்லி வகுப்பையே அழவைத்தார். அதெல்லாம் சும்மா என்று காரில் சொல்லிவிட்டார். வண்டி கவிழ்ந்தது உண்மை, குரல் கிரல் எதுவும் கேட்கவில்லையாம். எல்லாரும் ஆளுக்கொன்று சொல்லும்போது தான் மட்டும் வெறுங்கையோடு எப்படி நிற்பது என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாராம். இவன் அவர் தோளைத் தட்டி, போகட்டும் மச்சான், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றான். அந்தப் பேச்சு காருக்குள்ளேயே நின்றது. பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை.

பிறகு இவன் முறை வந்தது. ஒருநாள் ஓர் அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு பெரியவர் தன்னந்தனியாக. இவன் கதவைத் திறக்கப் போராடிக்கொண்டே, பயப்படாதீங்க ஐயா, கடவுள் உங்களைக் கைவிட மாட்டார் என்று இடுக்கு வழியாகச் சொல்லிக்கொண்டே இருந்தான், ஜெபமும் பண்ணினான். அவரும் கூடவே சொன்னார். கதவு திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. அன்றையிலிருந்து இவன் கண்ணை மூடினால் தன் குரல்தான் தனக்குக் கேட்கிறது.

"வாய் பாட்டுக்கு ஓடுது மச்சான். உள்ள ஒண்ணுமே இல்ல. நான் ஜெபம் பண்ணியே மாசக்கணக்காச்சு" என்றான்.

மச்சான் இவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உண்மையாகவே அழுதார், நடிப்பு என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

அடுத்த உபவாச ஜெபக் கூட்டத்தில் பாஸ்டர் வழக்கம்போல, ஜெபக்குறிப்பு இருக்கிறவர்கள் சொல்லலாம் என்றார். ஒருத்தர் மகனுக்கு வேலை வேண்டும் என்றார், ஒருத்தர் முழங்கால் வலி என்றார். மச்சான் எழுந்தார். கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் மாப்பிள்ளைக்காக எல்லாரும் பாரத்தோடு ஜெபியுங்கள், கதவுக்குப் பின்னால் ஒருவர் இறந்துபோனதிலிருந்து அவரால் ஜெபிக்கவே முடியவில்லை, விசுவாசம் ஆட்டம் கண்டிருக்கிறது என்று ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தார். சபை முழுக்க 'ஐயோ' என்றது. பாவி மனுஷன்! இவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பின்வரிசை அக்கா ஒருத்தி திரும்பி இவன் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

பக்கத்தில் இருந்த பெண்டாட்டி தடவிக்கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டாள், "எங்கிட்ட சொல்லாம, அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

இவன் அவள் செருப்பையும் எடுத்து ஓரமாக வைத்தான்.

அந்த வாரமே பாஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். கொஞ்சம் ஓய்வெடுங்கள் தம்பி, முதலில் உங்களைத் தேற்றிக்கொள்ளுங்கள், ஊழியம் எங்கேயும் ஓடிப்போகாது என்றார். தேன் தடவிய பேச்சு, ஒரு குறை சொல்ல முடியாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் போகப் போவது மச்சான் என்றும் சொன்னார். கவிழ்ந்த வண்டிக்குள் கடவுளின் குரலைக் கேட்டவர் அல்லவா!

வயிற்றெரிச்சல் தாங்காமல் இவன் நேராக டிரைவிங் ஸ்கூலுக்குப் போனான். மச்சான் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நம்பித்தானே சொன்னேன், கூட இருந்தே குழி பறித்துவிட்டீர்களே என்று கேட்டுவிட்டான். மச்சான் துணியைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே திகைத்துப் பார்த்தார்.

"யார்கிட்டயாவது பேசினேனா மாப்ள? ஜெபத்துலதான் வெச்சேன்."

இவன் வந்த வழியே திரும்பிவிட்டான்.

ஊழியத்துக்கு அனுப்பும் ஆராதனை வந்தது. அனுப்பப்படுகிறவர் முழங்காலில் நிற்க, அவருடைய ஜெபத்துணைதான் தலையில் கைவைத்து ஜெபிக்க வேண்டும், அதுவும் வழக்கம். உங்களுக்கு முடியுமா தம்பி என்று பாஸ்டர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். முடியும் என்று முன்னால் போனான். புதுச் சட்டையில் மச்சான் குனிந்திருந்தார். இவன் அவர் தலையில் கை வைத்தான். மைக் எதிரே இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும், புதுச் சபையாவது ஒன்றாவது. வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"ஆண்டவரே, காருக்குள்ள உட்கார்ந்து இவர் எங்கிட்ட சொன்னதை நான் எந்த ஜெபத்திலும் வைக்கல. இப்பவும் வைக்கல. அது உமக்குத் தெரியும், இவருக்கும் தெரியும். ஆமென்."

சபையில் ஆமென் எழும்பவே இல்லை. மச்சான் எழுந்திருக்கவும் கொஞ்ச நேரமாயிற்று, முகத்தில் ஈயாடவில்லை. பாஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார், வாழ்த்துச் சொல்ல மறந்துபோய்.

பல மாசத்துக்குப் பிறகு இவன் மனசிலிருந்து வந்த ஜெபம் அது ஒன்றுதான். வகுப்பின் சட்டத்தை மீறாமல் சொல்லிவிட்டோம் என்று ஒரு திருப்தியோடுதான் வாசலுக்கு வந்தான். அங்கே பின்வரிசை அக்கா காத்திருந்தாள். அவர் காரில் என்ன தம்பி சொன்னார், ஜெபிக்கத்தான் கேட்கிறேன் என்றாள். அவளுக்குப் பின்னால் பாட்டுக்குழுவிலிருந்து இரண்டு பேர் ஆளுக்கொரு காதை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு விலகி நடந்தான். ஒன்றுமில்லை என்றால் யார் நம்புவார்கள்? வைக்கவில்லை வைக்கவில்லை என்று சொல்லியே சபை நடுவில் வைத்தாகிவிட்டதே.

மச்சான் தன் காருக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். கைகுலுக்க ஒருவரும் போகவில்லை. பெண்டாட்டி அண்ணனையும் இவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இவன் பக்கத்தில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"எங்கண்ணன் அப்படி என்னதான் சொன்னாரு? எங்கிட்டயாவது சொல்லுங்க. ஜெபிக்கத்தான் கேக்குறேன்."

இவன் குனிந்து தன் செருப்பைத் தேடினான். பாஸ்டர் நடத்திய வகுப்பில் தான் மட்டும் தேறவில்லை என்று இத்தனை நாள் பொருமிக்கொண்டிருந்தான். ஜெபத்தில் வைக்கும் பாடத்தில் மச்சானைவிட நன்றாகவே தேறியிருந்தான்.