பொன்னேரியில் கெலித்த கதை

முனிகிருஷ்ணன் பொன்னேரிக் குத்துச்சண்டையில் ஜெயித்தான் என்பது அவன் பெண்டாட்டி செங்கம்மாள் கட்டிய கதை. அறுபத்தெட்டாம் வருஷம், மாசி மாதம். மூன்றாவது ரவுண்டில் தாடையில் குத்து வாங்கிச் சாய்ந்த மனுஷன், பழவேற்காடு திரும்பும் வழியெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டான்: "செங்கா, நான் கெலிச்சேனா?" ஏழாவது தடவை அவளுக்கு மனசு தாங்கவில்லை. "கெலிச்சேய்யா" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னதோடு விட்டாளா? மாலை போட்டார்கள், ஸ்டேஷன் வரைக்கும் தோளில் தூக்கிப் போனார்கள் என்று கண், மூக்கு, காது எல்லாம் வைத்தாள். அந்தக் குத்துக்குப் பிறகு அவன் மண்டையில் எதுவும் ஒரு தடவையில் தங்குவதில்லை. திரும்பத் திரும்பச் சொன்னால்தான் ஒட்டும். தினமும் கேட்டான், தினமும் சொன்னாள். நாளாக ஆக அந்த மாலையின் வாசனை அவளுக்கே அடித்தது.

வினை நேற்று வந்தது. பந்தயம் நடத்தும் துளசிராமன் வீடு தேடி வந்து, இருபத்திரண்டு வயசு இளவட்டம் ஒருவனோடு மோத ஆள் கேட்டார். நாற்பத்து மூன்று வயசுக்காரன் மார்பைத் தட்டினான். "கெலிச்ச கை நைனா இது!" ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். இன்னொரு அடி தலையில் விழுந்தால் ஆள் மிஞ்சமாட்டான் என்று டாக்டர் சொன்னது செங்கம்மாளுக்குத்தான் தெரியும்.

விடிகாலை ஏரியில் ஒரே பனி. தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. பூநாரைகள் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தன. எதிரே செங்கம்மாள் மீன் கூடையோடு உட்கார்ந்திருக்க, அவன் கழியூன்றித் தோணியைத் தள்ளினான். இடது கை நடுங்கிக்கொண்டிருக்க, முகம் மட்டும் யாரோ தோளில் சுமந்து போவதுபோலச் சிரித்தது.

"யோவ், நீ கெலிக்கல."

கழி நின்றது.

"மூணாவது ரவுண்டுல உழுந்துட்டே. பத்து எண்ணி முட்ச்சாங்கோ. மாலையெல்லாம் நான் சொன்ன பொய்யிய்யா."

அவன் வாய்விட்டு அழுதான். அவளுக்கு அப்படியே தோணியோடு முழுகிவிடலாம் போலிருந்தது. வெகுநேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டான்.

"அப்பிடின்னா துளசிராமன் கையில நான் வர்லன்னு சொல்லிடு."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. பனியும் மெல்லக் கலைந்தது.

கரையில் தோணியை இழுத்துக் கட்டிவிட்டு நிமிர்ந்தவன் முகத்தில் மறுபடி அதே சிரிப்பு.

"செங்கா, ஸ்டேஷன் வரிக்கும் என்னத் தூக்கினு போனாங்களே, யார் யாரு அது?"

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. செங்கம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். அவனையும் பக்கத்தில் மணலில் உட்காரவைத்து, அவன் நடுங்கும் கையைப் பிடித்துக்கொண்டு, "யோவ், நீ கெலிக்கல" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.