ஜஸ்மான் மாமா கட்டிய வீடு

ஜஸ்மான் மாமாவின் மனைவி எர்மி அத்தை இறந்து, அவளுக்காக ஓத வேண்டியதையெல்லாம் ஓதி முடித்த அந்த வாரம், அத்தையின் அண்ணன் புர்ஹான் எங்கள் அம்மாவைப் பார்க்க வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழமும், மூங்கிலில் வேகவைத்த ஒட்டரிசியும் கொண்டுவந்தார். அதைப் பார்த்ததுமே அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் மிளகாய்ச் செடிக்கு வந்த நோயைப் பற்றிப் பேசினார். மராப்பி எரிமலை கக்கிய சாம்பலைப் பற்றிப் பேசினார். காப்பி ஆறிய பிறகுதான் மெல்ல ஆரம்பித்தார்.

"ரோஸ்மா, உங்க அண்ணன் அங்க தனியா இருக்கார். எங்க பக்கத்துல யாரும் அவரைப் போகச் சொல்லல. தங்கச்சி அஸ்னி வேளாவேளைக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறா. ஆனா அவ மக வெல்விக்குக் கல்யாணம் வருது. மாப்பிள்ளை வந்து தங்கணும். நீங்களா வந்து கூப்பிட்டுக்கிட்டீங்கன்னா அவருக்கும் மரியாதை, எங்களுக்கும் மரியாதை."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மூத்த மருமகன். தாய்மாமனை அழைத்து வருவது என் பொறுப்பு.

எங்கள் மினாங் இனத்து ஊர்களில் வீடும் வயலும் பெண்களுடையவை. ஆண் கல்யாணம் ஆனதும் மனைவி வீட்டுக்குப் போகிறான். அவள் இறந்துவிட்டால் அவனுடைய ஆட்கள் வந்து அவனை அழைத்துக்கொண்டு போக வேண்டும். ஜஸ்மான் மாமா பெக்கான்பாரு நகரத்துச் சந்தையில் தையல் கடை வைத்து வாழ்நாளெல்லாம் சம்பாதித்தார். ஒவ்வொரு பெருநாளுக்கும் ஊருக்கு வரும்போது அந்த வீட்டுக்கென்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவார். ஒரு வருஷம் ஜன்னல் கம்பி, ஒரு வருஷம் தரைக்கல், ஒரு வருஷம் தேக்குக் கதவு. கட்டியது அத்தையின் தாய்வழி நிலத்தில். வேறு எங்கே கட்ட முடியும்? ஒரு பெண்பிள்ளை பிறந்திருந்தால் வீடு அவளுக்குப் போயிருக்கும், மாமாவும் அப்பா என்ற உரிமையில் ஒரு மூலையில் இருந்திருப்பார். பிறந்தது யோந்த்ரி என்று ஒரே ஒரு மகன். அதனால் வீடு அத்தையின் தங்கை அஸ்னிக்கும் அவள் மகளுக்கும் போயிற்று. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. என் அம்மா வீடும் இதே வழியில்தான் என் தங்கைகளுக்குப் போகிறது.

நாங்கள் போனபோது மாமா தேய்த்த சட்டையும் கறுப்புத் தொப்பியும் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பை. அஸ்னி அழுதுகொண்டே மாட்டிறைச்சிக் குழம்பு பரிமாறினாள். யாராலும் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

"மச்சான், ஃப்ரிட்ஜ், கட்டில், பீரோ எது வேணுமோ எடுத்துக்கங்க" என்றார் புர்ஹான். "எல்லாம் நீங்க சம்பாதிச்சது. நாங்க ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம்."

மாமா வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"எடுத்துக்கிட்டு எங்க வைக்கிறது, மச்சான்?"

தையல் மெஷினை மட்டும் நான் வண்டியில் ஏற்றினேன். கிளம்பும்போது மாமா வெல்வியைச் சமையலறைக் கதவுக்கு அழைத்துப் போனார்.

"மழைக் காலத்துல இது பிடிச்சுக்கும்மா. இழுக்காத. லேசாத் தூக்கித் தள்ளணும். உன் புருஷன்கிட்டயும் சொல்லிவை, பலத்தைக் காட்டி ஒடச்சிரப் போறான்."

வெல்விக்குத் தாங்கவில்லை. "நீங்க போகாதீங்க பெரியப்பா. நான் கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்றேன்."

"அசடு. அப்ப அந்தப் பையன் எங்க போவான்? அவனும் ஒரு வீடு தேடித்தானே வர்றான்?" என்று சிரித்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா வீட்டில் என் இரண்டு தங்கைகளும் அவர்கள் புருஷன்மார்களும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அறை ஒன்றுகூடக் காலியில்லை. மாமாவுக்கு முன்கூடத்தில் பாய் போட்டார்கள். மாமா வந்த நாளிலிருந்து டிவி சீக்கிரம் அணைந்தது. பெரிய தங்கையின் புருஷன் ஹெந்த்ரா, பெரியவர் முன்னால் சிகரெட் பிடிக்கக் கூடாதென்று மழையில் கூரை இறவாணத்தின் கீழ் போய் நின்று பிடித்தான். மாமா இதையெல்லாம் கவனித்தார். விடிந்ததும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு, எல்லோரும் வேலைக்குப் போன பிறகே திரும்புவார்.

"இது உன் வீடுண்ணே. எதுக்கு இப்படி வேத்தாள் மாதிரி இருக்க?" என்று அம்மா ஒரு நாள் கோபித்துக்கொண்டாள்.

"என் வீடுதான் ரோஸ்மா. அதான் கூச்சமா இருக்கு."

காப்பிக் கடையில் கிண்டலுக்குப் பஞ்சமில்லை. "என்ன ஜஸ்மான், கீழத் தெருவுல ஒரு விதவை இருக்கா, வீடும் நல்ல வீடு. மறுபடியும் மாப்பிள்ளையாப் போறியா?" என்பார்கள். "பல்லுப் போன மாப்பிள்ளைக்கு யாருய்யா கறி மென்னு தருவா?" என்று மாமாவும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். ஆனால் அப்படிப் போனவர்கள் எங்கள் ஊரில் உண்டு. படுக்க ஓர் இடத்துக்காகத்தான் போனார்கள்.

நான் என் மனைவி தெஸியிடம் பேசிப் பார்த்தேன்.

"நம்ம வீட்டுல அந்தச் சின்ன ரூம் சும்மாத்தானே கெடக்கு?"

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். "நம்ம வீடா? எங்கம்மா வீடுங்க. கோவிச்சுக்காதீங்க. எனக்கு அவர் மேல பிரியம்தான். ஆனா அவர் இங்க வந்து தங்கினா ஊரு என்ன பேசும்? ரெண்டு பொண்ணு பெத்தவ, கூடப்பொறந்த அண்ணனுக்கு ஒரு பாய் விரிக்கலன்னு உங்கம்மாவைத்தான் பேசும்."

அவள் சொன்னது சரி. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு பெக்கான்பாருவிலிருந்து யோந்த்ரி போன் செய்தான். "அப்பாவை இங்க கூட்டிட்டு வாங்கண்ணே. நான் பார்த்துக்கறேன்." நான் ஊருக்கும் பெக்கான்பாருவுக்கும் ஆள் ஏற்றிப் போகும் வண்டி ஓட்டுகிறேன். மாமாவை முன் சீட்டில் உட்காரவைத்து அழைத்துப் போனேன். மலை ரோட்டின் ஒன்பது வளைவும் இறங்கியதும் காற்று சூடேறியது. மாமா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு உற்சாகமாகிவிட்டார். எந்த வளைவில் எந்தப் பெருநாளுக்கு எந்தப் பஸ் படுத்துக்கொண்டது என்று பின்னால் இருந்தவர்களுக்குக் கதை சொன்னார். மகன் வீட்டு வாசலில் இறங்கும்போது என் தோளைத் தட்டி, "இனிமே உனக்குத் தொந்தரவு இல்ல மாப்ளே" என்றார்.

யோந்த்ரியின் வாடகை வீட்டில் அவன் மாமியாரும் இருந்தாள். நல்ல மனுஷி. ஆனால் முன்பின் பழக்கமில்லாத வயதான ஆணும் பெண்ணும் ஒரே குளியலறை, ஒரே கொடி, ஒரே அடுப்பு. அவள் கூடத்துக்கு வந்தால் மாமா வாசலுக்குப் போவார். மாமா உள்ளே வந்தால் அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒருவர் மனம் நோகக் கூடாதென்று இருவரும் மாற்றி மாற்றி எழுந்து போனார்கள். கடைசியில் அவள் தன் சொந்த ஊருக்கே போகிறேன் என்று பெட்டியைக் கட்டினாள். அன்று மாமா எனக்குப் போன் செய்தார்.

"மாப்ளே, திரும்பி மேல போறப்ப ஒரு சீட்டு இருக்கா?"

யோந்த்ரி பையைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் வைத்தான். அப்பாவின் கையை எடுத்து முத்தமிட்டான். பிறகு என் பக்கம் வந்து, "நான் என்னண்ணே செய்யட்டும்?" என்று கேட்டான். நான் வண்டியைக் கிளப்பினேன்.

மற்றவர்களை அவரவர் வாசலில் இறக்கிவிட்டு, கடைசியில் நானும் மாமாவும் மட்டும் மிஞ்சினோம். எங்கள் ஊர் வளைவில் திரும்பும்போது அவர் கட்டிய வீடு தெரிந்தது. வெல்வியின் புருஷன் ஏணி வைத்துக் கூரையில் எதையோ சரிசெய்துகொண்டிருந்தான்.

"கொஞ்சம் மெதுவாப் போ" என்றார் மாமா. "அந்த மூலையிலதான் தண்ணி எறங்கும். அவன் வேற பக்கத்தைச் சரிபண்ணிக்கிட்டிருக்கான். நிறுத்து, சொல்லிட்டு வந்துடறேன்."

நான் நிறுத்தினேன். மாமா கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார். பிறகு காலை உள்ளே எடுத்துக்கொண்டார்.

"வேணாம். அவனாக் கண்டுபிடிக்கட்டும்."

"எங்க இறக்கட்டும், மாமா?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரையும் கேட்டுக் கேட்டு வாய்க்குப் பழகிப்போன கேள்வி. கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாமா கதவைச் சாத்திக்கொண்டார்.

"உங்கம்மா வீட்டுக்கே விடு. அவளாவது திட்டுவா."

இப்போதும் அங்கேதான், முன்கூடத்தில் படுக்கிறார். ஹெந்த்ரா ஒரு பலகைத் தடுப்பு அடித்துக் கொடுத்தான். தையல் மெஷின் அதற்குள் நுழையவில்லை. இறவாணத்தின் கீழ் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது.

எர்மி அத்தையை அடக்கிய கபர் அந்த வீட்டுக்குப் பின்னால், அவர்கள் குலத்து நிலத்தில் இருக்கிறது. மாமா வெள்ளிக்கிழமை தோறும் போகிறார். வாசல் வழியாகப் போனால் உள்ளே வாங்க என்று கூப்பிட வேண்டியிருக்குமே, புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு ஏன் சங்கடம் என்று, முட்டைக்கோஸ் தோட்டத்தைச் சுற்றி வரப்பு வழியாகப் போகிறார். அஸ்னி சமையலறை ஜன்னலிலிருந்து அவரைப் பார்த்துவிட்டு அவசர அவசரமாகக் காப்பி போடுவாளாம். எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் அவர் தோட்டத்தைத் தாண்டிப் போய்விட்டிருப்பார்.