எரியாத தலையணை

குளச்சலில், மனசில்லாமல் எறிந்த குப்பை எரியாது. 1931இல் கடற்கரையோரம் குப்பையை எரித்துக் கரண்டு எடுக்கும் நிலையம் வந்த முதல் மாதமே இது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மீன் செதிலோ கந்தலோ கிழிந்த வலையோ, வண்டியில் கொட்டும்போது 'போகட்டும்' என்பதை ஊர் வழக்கில் 'போட்டும்' என்று சொல்லிக் கொட்டினால் உலை உடனே பிடித்துக்கொள்ளும், தெருவிளக்குகள் எரியும். யாராவது கஞ்சன் பழைய குடையைப் போட்டுவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் அன்றைக்கு விளக்கு மங்கும். உலைக்காரன் சுயம்பு அந்தக் குடையைத் தேடியெடுத்து, உடையவன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவான். இதையெல்லாம் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

1934இல் ராஜபாயின் மகள் எலிசா வாந்திபேதியில் செத்துப்போனாள். நாலு வயசு. பிள்ளையின் தலையணையை எரித்துவிட வேண்டும் என்று சுகாதாரத்து ஆள் சொன்னதால், தகப்பன் இஸ்ரவேல் அதை வண்டியில் போட்டு 'போட்டும்' என்றான். ராஜபாய் சொல்லவில்லை. இலவம்பஞ்சுத் தலையணை, நெருப்புக்கு ஒரு நிமிஷ வேலை. அது எரியாமல் கிடந்ததோடு, பக்கத்தில் கிடந்ததையும் எரியவிடவில்லை. ஊர் இருண்டது. சாயங்காலம் சுயம்பு அதைத் திருப்பிக் கொண்டுவருவான், காலையில் இஸ்ரவேல் மறுபடியும் போடுவான். தலையணையின் நடுவே பிள்ளையின் தலை பதிந்த குழி மட்டும் அப்படியே இருந்தது. ராஜபாய் அழவில்லை. அழுகை வரவில்லை, பசியும் வரவில்லை, அவ்வளவுதான்.

மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழாவுக்குப் போனவர்கள் இருட்டில் ஓடைக்குள் விழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஊரார் அவள் வாசலுக்கு வந்தார்கள்.

"ஒரு வார்த்தை சொல்லிரு அக்கா," என்றான் சுயம்பு.

"எரிஞ்சா அந்த வெளிச்சம் எங்க வீட்டுக்கும் வருமா?"

அந்த வீட்டுக்குக் கம்பி கிடையாது. அன்றே இழுத்து ஒரு பல்பும் மாட்டினார்கள். ராஜபாய், பக்கத்து வீட்டுக்குப் புளி எடுத்துக் கொடுப்பதுபோல, "போட்டும்" என்றாள். தலையணை உடனே பிடித்துக்கொண்டது. அதுவரை இல்லாத பிரகாசத்தில் ஊர் முழுக்க விளக்குகள் எரிந்தன. அவள் வீட்டுப் பல்பு மட்டும் எரியவில்லை. தொட்டுப் பார்த்தாள். உறங்கி எழுந்த பிள்ளையின் உச்சந்தலைச் சூடு. கையை எடுக்க மனசு வரவில்லை.

1938இல் நிலையத்தை மூடினார்கள். கம்பியை அறுத்துச் சுருட்ட சுயம்புவே வந்தான்.

"எரியாத பல்புதானே அக்கா, கழத்திப் போட்டுறட்டா?"

"இருக்கட்டும்," என்றாள் ராஜபாய்.

கம்பி போன பிறகும் பல்பு சூடாகவே இருந்தது. மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரிகள் நமுத்த தீப்பெட்டியை அதனடியில் பிடித்துக் காயவைத்து எடுத்துப் போனார்கள்.