ஒரு சொட்டு ஜாஸ்தி

சார்லஸிடம் தூண்டில் ராடு கட்ட வருகிறவன், பெண் பார்க்கப் போனவன் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கே நின்று போடப் போகிறாய், மணலிலா, முகத்துவாரத்திலா, கல் கொட்டின இடத்திலா, என்ன மீனுக்கு, எவ்வளவு கனமான ஈயக்குண்டு என்று கேள்வி மேல் கேள்வி வரும். பிறகு கையை நீட்டச் சொல்லி முழங்கையை டேப் வைத்து அளப்பான். ராடின் அடியை அக்குளில் இடுக்கினால் கை தானாக எங்கே போய் விழுகிறதோ, அங்கேதான் தூண்டில் நரம்பு சுற்றுகிற ரீல் உட்கார வேண்டும் என்பது அவன் சட்டம். கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் போகிற தெருவில், வீட்டின் முன்னறைதான் பட்டறை. பாண்டியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து இரண்டு மாதம் காத்திருந்து வாங்கிப் போவார்கள். அதில் அவனுக்குத் தலைக்கனம் உண்டு. இந்தக் கதையே அந்தத் தலைக்கனத்தால் வந்த வினைதான்.

2012 ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம், அறுபதை நெருங்கிய ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார். முன்பக்கம் சார்லஸின் பெயரும் போன் நம்பரும். பின்பக்கம் அவன் கையெழுத்திலேயே, ‘அருண்பாண்டியன், வலது கை, பதினெட்டரை இன்ச்.’

தன் பெயர் வைத்திலிங்கம், ஊர் மங்கலம்பேட்டை, அருணின் அப்பா என்று அவர் சொன்னார். பையனின் பர்ஸில் இது இருந்தது, என்ன அளவென்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை, கேட்டுவிட்டுப் போகலாமென்று வந்தேன் என்றார்.

சார்லஸ் கார்டை வாங்கி மேஜைமேல் வைத்தான். ஆறு மாதமாக இந்த மனிதர் எப்போது வருவார் என்று பயந்துகொண்டிருந்தான். வந்தால் கொடுக்க ஒரு ராடைத் தயாராகவும் வைத்திருந்தான். பங்குனியில் கட்டியது. பதினோரு அடி, அருண் கேட்ட அதே நீல நூல், கண்ணாடி மாதிரி பூச்சு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது அருணுக்கென்று முதலில் கட்டிய ராடு இல்லை. அந்த முதல் ராடு பரண்மேல் பழைய வேட்டியில் சுற்றிக் கிடந்தது.

அருண்பாண்டியன் சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவன். இருபத்தாறு வயது. லீவு கிடைத்தால் பிச்சாவரத்தைத் தாண்டி முகத்துவாரத்தில் கொடுவாய் மீனுக்காக இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பான். ரீல் வாங்க வந்த அன்று தங்கக் கலரில் மின்னுகிற ஒன்றைத்தான் எடுத்தான். உப்புத் தண்ணி முதலில் தின்பது அந்தப் பளபளப்பைத்தான் என்று சொல்லி, உள்ளே தண்ணீர் புகாத கறுப்பு ரீலை சார்லஸ்தான் அவன் கையில் திணித்தான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவன், மறு வாரமே வந்து அண்ணே நீங்க சொன்னதுதான் சரி என்றான். அப்படிப்பட்ட பிள்ளை.

ராடைத் தருவதாகச் சொன்ன நாள் டிசம்பர் இருபத்தொன்பது, வியாழக்கிழமை. ராடில் நரம்பு ஓடுகிற வளையங்களை நூலால் சுற்றிக் கட்டி, அந்த நூலின்மேல் பூச்சு கொடுக்க வேண்டும். இரண்டு பாட்டில், ஒன்றில் பசை, இன்னொன்றில் அதை இறுக வைக்கிற மருந்து. ஊசி போடுகிற சிரிஞ்சில் இரண்டையும் சரிக்குச் சரியாக அளந்து கலக்க வேண்டும். முதல் நாள் வானம் மூடிக்கொண்டு ஒரே ஈரக்காற்று. சீக்கிரம் காயட்டுமே என்று மருந்தை மட்டும் கண்ணளவில் ஒரு சொட்டு ஜாஸ்தியாக விட்டான் சார்லஸ். மருந்து கூடினால் பூச்சு சீக்கிரம் காயாது, காயவே காயாது. ஊருக்கெல்லாம் இதைச் சொல்லுகிறவன் அவன்தான்.

அருண் வந்தபோது பூச்சு பிசுபிசுவென்றிருந்தது. பரவாயில்லைண்ணே, துணி சுத்தி எடுத்துட்டுப் போறேன், நைட்டுக்குள்ள ஊருக்குப் போகணும் என்று கெஞ்சினான். சார்லஸ் தரவில்லை. பஸ்ஸில் தூசி ஒட்டி அசிங்கமாகிவிடும், என் பெயர் போட்ட ராடு அப்படி வெளியே போகாது, காலையில் வா என்றான். புயல் வருகிறதாமே என்று அருண் கேட்டதற்கு, கடலூருக்குப் புயல் என்ன புதுசா என்று சிரித்தான். அருண் தேவனாம்பட்டினத்தில் நண்பன் ஒருவனின் அறையில் தங்கினான். விடியும்போது ‘தானே’ புயல் ஊரைப் புரட்டிப் போட்டது. பக்கத்து மாடியின் சுவர் அந்த அறையின்மேல் சரிந்தது. நண்பன் பிழைத்தான். அருண் பிழைக்கவில்லை.

சார்லஸ் பங்குனி ராடை எடுத்து வைத்திலிங்கத்தின் அக்குளில் இடுக்கிக் கொடுத்தான். வெளிச்சம் பட்டு நீல நூல் மின்னியது. கை நேராக ரீல் உட்காரும் இடத்தில் போய் நின்றது. அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே அளவு. அந்தப் பதினெட்டரை இன்ச் இதுதான் என்று சொன்னான். அவர் நீல நூலை விரலால் தடவிப் பார்த்தார்.

பிறகு, யாரிடமோ சொல்லியாக வேண்டும் என்பதுபோலச் சொன்னார். "அன்னைக்குக் காலையில போன் பண்ணி, நெலக்கடல வெதைக்கணும், வந்து கூட நில்லுடான்னேன். ராடு வாங்கிட்டு வரேன்னான். எனக்குக் கோவம் வந்துட்ச்சு. அந்தக் குச்சிதான் பெருசுன்னா அங்கியே கெட, இந்த வாசப்படிய மிதிக்காதன்னுட்டேன். சாயங்காலம் ரெண்டு வாட்டி போன் அடிச்சான் தம்பி. நான் எடுக்கல."

ராடைச் சுவரில் சாய்த்துவிட்டு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொன்னத செஞ்சிட்டான். அங்கியே கெடந்துட்டான்."

சார்லஸ் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் ராடை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். ஒரு சொட்டு மருந்தைப் பற்றி உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த இரண்டு போனும் எதற்கு என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான். வாயை மூடிக்கொண்டால், செய்யாத பாவத்தை இந்த மனிதர் சாகிறவரை சுமப்பார். சார்லஸ் ஸ்டூலைப் போட்டு ஏறினான்.

பரணிலிருந்து இறக்கிய ராடை மேஜைமேல் வைத்து வேட்டியைப் பிரித்தான். ரீல் உட்காரும் இடத்துக்குச் சற்று மேலே, பூச்சில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. ஆறு மாதத் தூசி கோடு கோடாகப் படிந்து, பத்திரத்தில் வைத்த கைநாட்டு மாதிரி தெளிவாக இருந்தது.

"இதாங்க அருணோட ராடு. நீங்க புடிச்சது நான் அப்புறம் கட்டுனது. காஞ்சிடுச்சாண்ணேன்னு கேட்டு இங்க அமுக்கிப் பாத்தான். காயல. என் தப்பு, மருந்து ஒரு சொட்டு ஜாஸ்தியா ஊத்திட்டேன். அவன் அன்னைக்கே ஊருக்கு வரேன்னுதான் நின்னான். நான்தான் விடல."

வைத்திலிங்கம் அந்த ரேகையையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் எதற்கு அடித்தான் என்று கேட்டார்.

"இந்த வாசல்ல நின்னுதான் அடிச்சான். நீங்க எடுக்கல. எடுத்தா என்ன சொல்லப் போறன்னு கேட்டேன். ‘பூச்சு காயலப்பா, காலையில வந்துடறேன்னு சொல்லணும்’னான்."

"அப்போ அவன் கோவத்துல தங்கல," என்றார். ஆறு மாதம் அடைத்து வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. சார்லஸ் ஆறுதல் சொல்லப் போகவில்லை; அந்த யோக்கியதை தனக்கு இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

அழுது ஓய்ந்த பிறகு அவர் நிமிர்ந்து பார்த்தார். "உம் பேரு கெட்டுடும்னு எம் புள்ளைய நிறுத்திட்டியே."

"ஆமாங்க."

அவர் மேஜைப் பக்கம் திரும்பினார். ரேகையைத் தொடக் கட்டைவிரலை நீட்டினார். சார்லஸ் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தான். இன்னும் காயவில்லை, தொட்டால் அழிந்துவிடும் என்றான். அழியாமல் இருக்க வழி உண்டா என்று கேட்டார். சரியாக அளந்து மேலே இன்னொரு பூச்சு கொடுத்தால் உள்ளே அப்படியே நின்றுவிடும், ஆனால் நாளைக் காலை வரைக்கும் ஆகும், நீங்கள் ஊருக்குப் போங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன் என்றான் சார்லஸ். வேண்டாம், இருந்தே எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார்.

ஒரு சிரிஞ்சில் பசையையும் இன்னொன்றில் மருந்தையும் உறிஞ்சி, கோடும் கோடும் சரியாக நிற்கிறதா என்று அவரிடமே காட்டினான். அவர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். பிரஷ் ரேகையின்மேல் ஊர்ந்து போய் முடிகிற வரைக்கும் அவர் குனிந்தபடியே இருந்தார். பிறகு வைத்திலிங்கம் வாசலுக்குப் போய் நின்று போனை எடுத்தார். மங்கலம்பேட்டையில் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"சௌந்தரம்," என்றார் மனைவியிடம். "பூச்சு காயல. காலையில வந்துடறேன்."